கெர்டாவின் வெந்நீர்

அட்லஸ் மலையில் விடிகிறது. வீட்டுவண்டிக்குள் இன்கா மூன்று போர்வை போர்த்தியும் காய்ச்சலில் நடுங்குகிறாள். வெளியே அவள் கணவன் யோர்ன், கடற்கரை ஊரில் வாங்கிய நீலச் சிலிண்டரை உலுக்குகிறான். உள்ளே தளும்புகிறது, அடுப்புதான் பற்றமாட்டேன் என்கிறது. பக்கத்து வண்டியிலிருந்து கெர்டா ஆவி பறக்கும் கெட்டிலோடு வருகிறாள். "நம்ம ஜெர்மனி சிலிண்டர்னு நெனச்சியாக்கும்? இது பியூட்டேன் காஸ்யா, குளிர்ல ஆவியாகாது, வெளிய வராது." சிரித்துக்கொண்டே சிலிண்டரின் மேல் வெந்நீரை மெல்லச் சாய்க்கிறாள். நீர் வழிந்த இடத்தில் வெயில் மினுங்குகிறது. "பத்திக்கிச்சு!" என்று உள்ளிருந்து, போர்வையோடு எழுந்து அடுப்பைத் திருகிய இன்காவின் குரல். யோர்ன் கெர்டாவிடம் திரும்புகிறான். "உனக்கும் சேத்துக் காப்பி போடட்டுமா?" கெர்டா காலிக் கெட்டிலை நீட்டுகிறாள். "பின்னே? இதைக் காய்ச்சினதோட என் காஸ் தீந்துபோச்சே."