ராமேஸ்வரத்தில் ஒருவருக்கு அறை

ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் தணிகாசலம், மதுரை, முதுமலை, ராமேஸ்வரம் என்று ஐந்து நாள் கார்ப் பயணத்துக்கு அரசாணை பிறப்பிப்பதுபோல் உத்தரவிட்டார். வீட்டுப் பயணக் கருவி, குடும்பத்தின் பழைய பயணங்களை அலசி, நொடியில் அட்டவணை நீட்டியது.

மதுரையில் இருவருக்கு அறை. முதுமலையிலும் இருவருக்கு. ராமேஸ்வரத்தில் ஒருவருக்கு மட்டும். மனைவி மரகதத்துக்கோ, ஊட்டியிலிருந்து கோவையிலுள்ள தங்கை வீட்டுக்குப் பஸ் டிக்கெட்.

"யாரைக் கேட்டு இதைப் போட்டே?" என்று கருவியிடம் சீறினார்.

"முதுமலையிலிருந்து ஊட்டிக்கு ஏறும்போது, பதினேழாவது கொண்டை ஊசி வளைவில் அம்மாவுக்கு வாந்தி வரும். நீங்கள் திட்டுவீர்கள். ஊட்டியில் அவர் இறங்கிவிடுவார். தொண்ணூறு சதவீதம் உறுதி, அய்யா."

அவர் மரகதத்தின் மேல் பாய்ந்தார். "நான் எப்போ உன்னைத் திட்டினேன்? வாயைத் திறந்து சொல்லேன்டி!"

"தொண்ணூற்று நான்கு, அய்யா."

தணிகாசலம் முப்பது வருடச் சர்வீஸில் யாரிடமும் காட்டாத பணிவோடு மனைவி பக்கம் திரும்பினார்.

"மரகதம், வழியெல்லாம் வாயே திறக்க மாட்டேன். அந்த டிக்கெட்டை மாத்திடும்மா."

அவள் கருவியின் திரையிலிருந்து விரலை எடுத்தாள்.

"மாத்திட்டேங்க. பதினேழு வளைவு வரைக்கும் எதுக்கு? இன்னைக்கு சாயங்காலமே நம்ம ஊர்லேர்ந்து பஸ் இருக்கு."