நான்கு தக்பீர்

மெதுவாகச் சொன்னால் போதும் என்றார்கள்.

அடக்கஸ்தலத்தின் வேலிக்கு உள்ளே அவர் நின்றார். முன்னால் சந்தூக்குப் பெட்டியில் மகளின் உடல். ஜுமானா. இருபத்து மூன்று வயது.

மகளுக்கு ஜனாஸா என்னும் இறுதித் தொழுகையைத் தொழவைக்கும் முதல் உரிமை தகப்பனுக்கு. அதை யாரும் மறுக்கவில்லை. இந்தத் தொழுகையில் குனிவதில்லை, நெற்றி தரையில் படுவதில்லை. நின்றபடியே நான்கு தடவை தக்பீர் சொல்ல வேண்டும். அல்லாஹு அக்பர்.

அந்தச் சொல்தான் இப்போது பிரச்சினை.

பள்ளிவாசல் தலைவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். கீழக்கரைக்காரர். இவருக்கு முன்பே இங்கிலாந்துக்கு வந்து வேர் பிடித்தவர். நல்ல மனிதர், அதுதான் எரிச்சல். வேலிக்கு அந்தப் பக்கம் டிவிக்காரர்கள் நிற்கிறார்கள், அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டிப் போடுவார்கள், நாளைக்கு நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டாமா என்றார். எல்லாம் நியாயம். நியாயமாகப் பேசுகிறவர்களைத்தான் அறைய முடிவதில்லை.

போன வாரம், பஸ் நிறுத்தத்தில், அந்தச் சொல்லைக் கூவிக்கொண்டுதான் ஒருவன் கத்தியோடு பாய்ந்தான். மூன்று பேரைக் கொன்றான். அதில் ஒருத்தி ஜுமானா. அவள் தலையில் இருந்த முக்காட்டை அவன் பார்த்தானா, தெரியவில்லை.

போலீஸ் பார்த்தது.

அன்று வீட்டுக்கு வந்தவர்கள் அவள் இறந்துவிட்டாள் என்று சொல்லவில்லை. அவள் அறையைக் காட்டச் சொன்னார்கள். மெத்தையைப் புரட்டினார்கள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டார்கள். யாரோடு பழகுவாள், எந்தப் பள்ளிவாசலுக்குப் போவாள் என்று கேட்டார்கள். அவர் மனைவி எல்லாருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தாள். தேநீரைக் குடித்து முடித்த பிறகுதான் அவர்களில் ஒருத்தி தொப்பியைக் கழற்றிவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

மறுநாள் வாசலில் ஒருவன் மைக்கை நீட்டினான். இந்தச் செயலைக் கண்டிக்கிறீர்களா என்று கேட்டான்.

கண்டிப்பதா? அந்த நாய் கையில் கிடைத்திருந்தால் பல்லால் கடித்துத் துப்பியிருப்பார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி பூங்கொத்தோடு வந்தாள். உங்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை என்றாள்.

கோபம் இல்லையாம்.

செத்தது அவர் பிள்ளை.

இதே ஊர் ஆஸ்பத்திரியில், அவள் பிறந்த அன்று, வலது காதில், தொழுகைக்கு அழைக்கும் வாங்கைச் சொன்னவர் அவர். அது அந்தச் சொல்லில்தான் தொடங்கும். அவள் காதில் விழுந்த முதல் சொல். கடைசியாக விழுந்ததும் அதுதான், அந்த நாசமாய்ப் போனவன் வாயிலிருந்து. மகள் மண்ணுக்குள் போகும் முன், இந்த ஊரே கேட்க, அதை அவன் வாயிலிருந்து பிடுங்கியாக வேண்டும்.

அவர் தலைவரைத் தாண்டி நடந்தார். சந்தூக்கின் நடுப்பகுதிக்கு நேராகப் போய் நின்றார். பின்னால் வரிசைகள் சேர்ந்தன. கைகளை உயர்த்தினார்.

"அல்லாஹு அக்பர்."

நெஞ்சில் இருந்ததையெல்லாம் போட்டுச் சொன்னார். குரல் வேலியைத் தாண்டி, ரோட்டைத் தாண்டிப் போனது. கேட்கட்டும். படம் எடுக்கட்டும்.

வேலிப் பக்கம் ஒரு பெண் அலறினாள்.

தொழுகையில் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்க வேண்டியதும் இல்லை. உள்ளே வரும்போதே அவளைக் கவனித்திருந்தார். கெய்ட்லின். ஜுமானாவோடு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அன்று கூட நின்றவள். ஓடாதவள். ஜுமானாமேல் இறங்கிய கத்தியை வெறும் கையால் பிடித்தவள். இரண்டு கையிலும் கட்டு.

அலறல் விம்மலாகி, நிற்காமல் வந்துகொண்டிருந்தது. யாரோ அவளைச் சமாதானப்படுத்தினார்கள்.

டிவிக்காரர்கள்மேல் அவர் எறிந்தது அவள்மேல் போய் விழுந்துவிட்டது.

அந்தப் பாவி, இந்தச் சொல்லையும் எடுத்துக்கொண்டு போய்விட்டானே. அல்ஹம்து அத்தியாயத்தை ஓதி முடித்தார்.

இன்னும் மூன்று பாக்கி இருந்தன.

மூன்றையும் முதல் வரிசைக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் தலைவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தார்.

"முதல் தக்பீருக்கு அப்புறம் நாங்க சொன்னதை மதிச்சு நடந்துக்கிட்டீங்க காக்கா. இந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்?"

அவர் கையை உருவிக்கொண்டார்.

மகளைக் குழிக்குள் இறக்கினார். மேலே ஏறி, நேராக வேலிக்குப் போனார். கெய்ட்லினின் கோட்டுக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். ஆளுக்கு மூன்று பிடி மண் போட வேண்டும். அவள் விரல்கள் மடங்கவில்லை. அவரே மண்ணை அள்ளி அவள் கட்டின்மேல் வைத்தார். அவள் அழுதுகொண்டே கைகளைக் கவிழ்த்தாள். மறுபடி வைத்தார். மறுபடி.

வேலிக்கு அந்தப் பக்கம் கேமராக்கள் முண்டியடித்தன.

மறுநாள் எல்லாப் பேப்பரிலும் அந்தப் படம்தான். தாடியோடு அவர், கட்டுப்போட்ட கைகளோடு அவள். மேலே கொட்டை எழுத்தில், மன்னித்தார் தந்தை என்று போட்டிருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் போன் செய்து, உங்களைப் போல எல்லாரும் இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார்கள்.

மனைவி பேப்பரை வாங்கி ஒரு தடவை படித்தாள்.

"யாரை மன்னிச்சீங்களாம்?"

"ஒருத்தனையும் இல்ல," என்றார் அவர்.