பனியன் பாடம்

பெற்றோர் கூட்டத்தில் நதியா பேசி முடித்தபோது அவள் அம்மா சின்னத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் சுபஸ்ரீ டீச்சருக்கு மனசு நிறைந்தது. ஒரு வருஷமாகப் பட்ட பாட்டுக்கு இதைவிட வேறென்ன கூலி வேண்டும்?

போன ஜூன் வரை அந்தப் பிள்ளைக்கு வாயே கிடையாது. மூன்று வருஷம் கடைசி வரிசையில் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். நாலாவது வந்த புதிதில் ஒருநாள், டீச்சரின் சுடிதார் தோள்பட்டையை உற்றுப் பார்த்துவிட்டு, "ஓவர்லாக் தையல் விட்டிருச்சுங்க டீச்சர்" என்றாள். அவள் தானாக வாயைத் திறந்தது அன்றைக்குத்தான்.

அங்கே பிடித்த யோசனைதான் இந்தப் பனியன் பாடம். கணக்கு ஒரு பக்கம், அறிவியல் ஒரு பக்கம் என்று பிள்ளைகள் துண்டு துண்டாகப் படிக்கின்றன, துண்டு துண்டாகவே மறந்தும் போகின்றன. எல்லாப் பாடத்தையும் அவர்களுக்குத் தெரிந்த ஒன்றோடு சேர்த்துக் கட்டினால் என்ன? திருப்பூர்ப் பிள்ளைக்குப் பனியனைவிடத் தெரிந்தது எது?

சுபஸ்ரீக்குப் பனியன் என்றால் பெருமை. அப்பா போட்ட நிட்டிங் மெஷின்தான் அவளைக் கல்லூரி வரை படிக்க வைத்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணங்களுக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து, ஒன்றாவது முதல் ஐந்தாவது வரைக்கும் எழுதினாள். கணக்குக்கு டஜனும் அளவு டேப்பும். அறிவியலுக்குச் சாயமும் ஆற்றுத் தண்ணீரும். பருத்தி விளைகிற ஊரும் சட்டை கப்பலேறிப் போகிற நாடும் சமூக அறிவியலுக்கு. தமிழுக்குப் பனியன் கம்பெனிப் பாட்டு, ஓவியத்துக்குப் பிரிண்டிங். விளையாட்டு பீரியடில்கூடத் துணி மடிக்கும் போட்டி.

நாலாம் வகுப்பில் மட்டும் நடத்திப் பார்த்தாள். வாய் திறக்காத பிள்ளைகளெல்லாம் பேச ஆரம்பித்தன. வருகிற ஜூனிலிருந்து பள்ளி முழுக்க நடத்த வேண்டுமானால் பெற்றோர் குழு ஒப்புக்கொள்ள வேண்டும், தலைவி கையெழுத்துப் போட வேண்டும். தலைவி நதியாவின் அம்மாதான். உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள், ஓவர்லாக் டெய்லர். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

டீச்சர் அவளைப் பற்றி எல்லோருக்கும் எடுத்துச் சொன்னாள். நதியா வயசிலேயே இந்த ஊருக்கு வந்து, டெய்லர் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுக்கும் கைமடி வேலையில் சேர்ந்தவர், இன்றைக்கு நம் குழுவுக்கே தலைவி என்றாள். கூட்டம் கைதட்டியது. சின்னத்தாய் தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் நதியாவைப் பேச விட்டது. நூல் எப்படித் துணியாகிறது, துணி எப்படிச் சட்டையாகிறது என்று தடங்கலில்லாமல் சொன்னாள். சொல்லிக்கொண்டே சின்னக் கத்திரியால் ஒரு பனியனில் நூல்பிசிறு வெட்டினாள். கண் கூட்டத்தின் மேல் இருந்தது, கை தன்பாட்டுக்கு ஓடியது.

"எப்படிக் கண்ணு இவ்வளவு சுத்தமா வெட்டுறே? அம்மாகிட்டப் பழகுனதா?" என்று டீச்சர் கேட்டாள்.

"இல்லீங்க டீச்சர். ஊட்டுல அம்மா கத்திரியத் தொடவே உடாதுங்க. இங்கதானுங்க பழகுனேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கையை வெட்டிக்கொள்ளும் என்ற பயம், எந்தத் தாய்க்குத்தான் இல்லை என்று யாரோ சொன்னார்கள். பள்ளிக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்த பொங்கியண்ணன் முன்வரிசையில் இருந்தார், வீட்டுக்குப் பின்னால் பத்து மெஷின் போட்டு யூனிட் நடத்துகிறவர்.

"ஏனுங்க டீச்சர், அஞ்சாவது முடிச்சதும் இந்தப் புள்ளைய நேரா நம்ம யூனிட்டுக்கே அனுப்பிருங்க. டிரெயினிங்கே வேண்டாமுங்க" என்றார்.

மறுபடியும் சிரிப்பு. டீச்சரும் சிரித்துவிட்டாள். அவர் குசும்பு ஊருக்கே தெரிந்ததுதான்.

தலைமையாசிரியர் மகுடேஸ்வரன் தீர்மானத்தைப் படித்தார். ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை. தாளும் பேனாவும் சின்னத்தாயிடம் வந்தன. அவள் பேனாவைப் பிடித்தாள், மூடியைக் கழற்றினாள், அப்படியே இருந்தாள்.

சுபஸ்ரீக்குப் புரிந்தது போலிருந்தது. பெரியவளான பிறகு அறிவொளி வகுப்பில் கற்ற கையெழுத்து, இத்தனை பேர் பார்க்கப் போடக் கூச்சமாக இருக்கும். டீ வந்துவிட்டது என்று சொல்லி எல்லோரையும் வராந்தாவுக்கு அனுப்பினாள். வகுப்பில் இவர்கள் இரண்டு பேரும், மேஜையில் அந்தப் பனியனும்தான் மிச்சம். வெளியே நதியா யாருக்கோ காலர் வைக்கிற விதத்தை விளக்கிக்கொண்டிருந்தது கணீரென்று கேட்டது.

"மெதுவாப் போடுங்கக்கா, அவசரமில்லை" என்றாள் டீச்சர். "இத்தனை நாள் கழிச்சு உங்க பிள்ளை வாயைத் திறந்திருக்கா. இனிமேல் அஞ்சு வருஷப் பாடமும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தே வரும். எதுவும் விட்டுப் போகாது."

சின்னத்தாய் மகளின் குரல் வந்த பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவுக்கு மூடியைப் போட்டுத் தாளின் மேல் வைத்தாள். டீச்சரின் மனசு நோகக் கூடாதே என்பதுபோல் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"பனியன் இல்லாத பாடம் ஒண்ணுகூட இல்லையா டீச்சர்?"