புது ரேடியோ

காஜா பெராங் தெருக் கோப்பிக் கடையில் காலையிலேயே வாக்குவாதம். வானொலி மர்மத் தொடரின் முதல் பாகம் முந்தின இரவு முடிந்துவிட்டது. கொலைகாரன் யாரென்று சொல்லவில்லை.

"டாக்டர்தான். கடைசியில அவரு காலடிச் சத்தம் கேட்டுச்சே," என்றார் சொக்கப்பன்.

"சத்தமே இல்லையே," என்றார் ஏகாம்பரம்.

"உங்க டப்பா ரேடியோவுல கேட்காது. என் வீட்டுல இருக்கிறது புதுசு."

"என்னோடதும் புதுசுதான்லா."

பக்கத்து மேசைக்காரர் நோட்டுப் புத்தகத்தோடு திரும்பினார். "வீட்டு நம்பர் சொல்லுங்க. எது நல்லா கேட்குதுன்னு நானே வந்து பார்க்கிறேன்."

இருவரும் முந்திக்கொண்டு சொன்னார்கள்.

"நீங்க சொல்லுங்க சார், யாரு கொலைகாரன்?" என்று கேட்டார் சொக்கப்பன்.

"தெரியாதுங்க. நான் ரேடியோ லைசென்ஸ் ஆபீசர். இந்தத் தெருவுல ரேடியோ வச்சிருக்க ஒருத்தரும் லைசென்ஸ் எடுக்கலையே."

சொக்கப்பன் ஏகாம்பரத்தைக் காட்டினார். ஏகாம்பரம் சொக்கப்பனைக் காட்டினார்.

"நான் இவரு வீட்டுலதான் சார் கேட்டேன்," என்றார்கள் இருவரும்.