நகம் பட்டால் கீறல் விழும் கல்

கல்லறைப் பலகையை இரண்டு பேர் தூக்கி வந்து கட்டிலை ஒட்டி நிறுத்தினார்கள்.

எர்சீலியா அதன் பின்னால் ஒரு விளக்கை வைத்தாள். கல்லுக்குள் தேன் நிறத்தில் வெளிச்சம் பரவியது. நடுவில் அவள் கணவரின் பெயர்: ஒத்தோரினோ.

உயிரோடு இருப்பவருக்கு இப்போதே எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பாதிரியாரை அழைக்கும்படி டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பக்கவாதம் கட்டிலில் கிடந்த ஒத்தோரினோவுக்குக் கண்ணையும் காதையும் மட்டுமே விட்டுவைத்திருந்தது.

“மகராசிக்கா நீ! நம்ம வோல்தெர்ரா ஊர்ல எந்தப் பொண்டாட்டி புருஷனுக்கு இப்படி ஒரு கல்லு செஞ்சிருக்கா?” என்றாள் பக்கத்து வீட்டு ஜீத்தா.

ஒத்தோரினோ ஊரிலேயே பெரிய கல் வியாபாரி. கண்ணாடி மாதிரி ஏடு ஏடாக உரிவது, பட்டுநூலாக மின்னுவது, சுட்டுப் பொடித்தால் சுவர்ப்பூச்சு ஆவது, விளக்கு வைத்தால் இந்தப் பலகை போல ஒளிரும் அலபாஸ்டர், எல்லாம் ஒரே ஜிப்சம்தான் என்று வருபவர்களிடம் அளப்பார். விற்ற பிறகு ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வார். வெளியே வைத்துவிடாதீர்கள், மழையில் கரைந்துபோகும்.

தனக்குப் பளிங்கில்தான் செய்ய வேண்டும், காலாகாலத்துக்கும் பெயர் நிற்க வேண்டும் என்று நன்றாக இருந்தபோதே சொல்லியிருந்தார்.

எர்சீலியா அவருடைய செயலற்ற வலது கையை எடுத்தாள். ஆள்காட்டி விரலின் நகத்தைக் கல்லில் வைத்து மெல்ல இழுத்தாள்.

பெயருக்குக் கீழே வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

பளிங்கில் விழாது. அது அவருக்குத் தெரியும்.

அவர் கண்களிலிருந்து நீர் வழிந்தது.

“பாருக்கா, சந்தோஷத்துல அழுவுறாரு!” ஜீத்தாவும் மூக்கை உறிஞ்சினாள்.

கல்லைத் தூக்கி வந்தவர்களில் ஒருவன் கேட்டான். “சர்ச்சுக்குள்ளதானேம்மா வைக்கணும்?”

எர்சீலியா கைக்குட்டையால் கணவரின் கன்னத்தைத் துடைத்தாள். பதிலை அவர் காதருகே குனிந்து சொன்னாள்.

“இல்ல. வெளிய, வடக்கு மதிலோரம். நம்ம நெல்லா பக்கத்துல படுத்துக்கோங்க.”

நெல்லா அவர்களுடைய ஒரே மகள். கல்யாணம் ஆகாமல் கர்ப்பமாகி, பிரசவத்தில் செத்துப்போனவள். அவள் குழிமேல் பெயர் எழுதிய கல் எதையும் வைக்க ஒத்தோரினோ விடவில்லை.

மதிலோரப் புல்லில் அவள் கிடக்கும் இடம் எர்சீலியாவுக்கு மட்டும்தான் தெரியும்.