நிற்கிற மரம்

தீ எங்கள் கையை மீறிவிட்டது.

மலைநெல் விதைக்கத்தான் வைத்தோம். காட்டுக்குள் பரவிவிடக் கூடாது என்று சரிவின் விளிம்பை அகலமாக வெட்டிச் செதுக்கி வெறுந்தரையாக்கியிருந்தோம். தீ எரிகிற பக்கம், நாங்கள் வெட்டாமல் விட்ட ஒற்றை மரத்தில் அவள் மாட்டிக்கொண்டாள்.

முதுகில் குட்டி.

பபகூத்து. குரங்கு போல மரத்தில் வாழும் லெமூர்களில் பெரியவள், எங்களுக்கு முன்னோர் வழி உறவு. எங்கள் தீயில் அவள் செத்தால் பெற்றவளைக் கொன்ற பாவம்.

ஒரே தாவலில் அந்த வெளியைத் தாண்ட அவளாலும் ஆகாது. அவ்வளவு தாராளமாக வெட்டியிருந்தோம்.

என் புருஷன் தொம்போ காய்ந்த மூங்கில்களை இழுத்துவந்து, அவள் மரத்தடியிலிருந்து காட்டு விளிம்புவரை பாலமாகக் கிடத்தினான். பழுப்பு லெமூருக்குக் கண்ணி வைத்துப் பழகிய கை. அவை கிடக்கிற கழியில் நாலு காலில் நடந்து வரும்.

இவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யோவ், அவ என்ன எலியா, ஊர்ந்து வர? நிக்கிற மரத்துலதான்யா தாவுவா!"

பச்சை மரத்தண்டு ஒன்றைத் தூக்கி நடுவெளியில் நட்டுக்குத்தாக நிறுத்தினோம். குழி தோண்ட நேரமில்லை. இரண்டு பேரும் அடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அனலில் என் முடி பொசுங்கியது.

"வந்துடு தாயே, வந்துடு" என்று தொம்போ அழுதான். இரண்டு ஆள் மூட்டையை ஒற்றையாகத் தூக்குகிறவன், அழுதான்.

அவள் எங்களையே பார்த்தாள். நெருப்பு அவள் மரத்தில் ஏறியது.

தாவினாள்.

உடம்பு நிமிர்ந்தபடி, கால் இரண்டும் முன்னே நீள, வந்து மோதினாள். ஒரு வயதுப் பிள்ளையின் கனம்தான். அந்த வேகத்தில் எனக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது போலிருந்தது. தண்டு ஆடியது. நாங்கள் விடவில்லை.

ஒரு மூச்சு. பிறகு எங்கள் தலைக்கு மேலே ஓர் உதை.

காட்டு மரத்தில் இருந்தாள். குட்டியும் முதுகில் இருந்தது.

நான் சிரித்துவிட்டேன். தொம்போவும் மூக்கைச் சிந்திவிட்டுச் சிரித்தான். அப்படி ஒரு சந்தோஷம் எங்களுக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

அப்போதுதான் பின்னால் மூங்கில் வெடிக்கிற சத்தம் கேட்டது.

கிடத்திய பாலத்தை எடுத்துப்போட எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அவள் நடக்காத வழியில் தீ நடந்து காட்டுக்குள் போயிருந்தது.