நெவிலின் நாற்காலி

"அந்த ஆள் ஊதவே இல்லை, எடித். வாயில வச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கார்."

பக்கத்து வீட்டு எடித்தின் காதில் வெர்னா பொருமினாள்.

நேப்பியர் நகரக் கடற்கரைப் பூங்காவில் கோடை வந்துவிட்டால் ஞாயிறுதோறும் ஊர் பேண்டின் கச்சேரி. சர்ச் முடிந்த கையோடு மடக்கு நாற்காலியுடன் வந்து முதல் வரிசையைப் பிடித்துவிடுவாள் வெர்னா. அவள் கணவர் கோலின் அந்த பேண்டில் முப்பத்துநாலு வருஷமாக கார்னெட் என்ற பித்தளைக் குழல் ஊதுகிறவர். சிவப்புக் கோட்டில் இன்றைக்கும் மாப்பிள்ளை மாதிரிதான் இருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில், அதே குழலோடு, அந்த ஆள் நெவில்.

"ஊதலேன்னு உனக்கு எப்படித் தெரியும்?" எடித்தின் கையில் ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருந்தது.

"ஒரு பாட்டு முடிஞ்சதும் எல்லாரும் என்ன பண்றாங்க பாரு. குழலைச் சாய்ச்சு, அடியில இருக்கிற சின்ன விசையை அமுக்கி, உள்ளே சேர்ந்த எச்சில் தண்ணியைக் கீழே விடறாங்க. இந்த மனுஷர் மூணு வாரமா ஒரு சொட்டு விடலை. ஊதினாத்தானே தண்ணி வரும்?"

"கர்த்தாவே. நான் பாட்டுக் கேக்க வந்தேன், நீ எச்சிலை எண்ண வந்தியா?"

"சிரிக்காதே. எனக்கு வயிறு எரியுது."

வயிறு எரிந்தது நெவிலால் மட்டும் இல்லை. பின்னால், வெள்ளைச் சட்டையோடு நின்றுகொண்டே ஊதும் மெலேக்காகவும்தான். டோங்கா தீவுப் பெண். விடியற்காலையில் பேக்கரியில் மாவு பிசைந்துவிட்டு வந்து ஊதுகிறாள். பேண்டில் சேர்ந்து எட்டு மாதமாயிற்று. நாற்காலியும் கிடையாது, சிவப்புக் கோட்டும் கிடையாது. மேடையில் இருபத்தைந்து நாற்காலிதான். ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்காரலாம். அடுத்த வருஷம் யார் யாருக்கு நாற்காலி என்று நாளைக்குக் கமிட்டி முடிவு செய்கிறது.

"நம்ம ஊர்க்காரர்னா ஊதாமலே உக்காரலாம். தீவுப் பொண்ணுன்னா ஊதிக்கிட்டே நிக்கணும். இதுக்கு முன்னாடிதான் சர்ச்ல எல்லாரும் ஒண்ணுன்னு பாடிட்டு வந்தோம்."

இடைவேளை விட்டதும் வெர்னா நேராக மேடைக்குப் பின்னால் போனாள். பேண்டை நடத்தும் மர்ரே தேநீர்க் கோப்பையோடு நின்றார். கோலின் அந்தக் கோடியில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

"மர்ரே, நெவில் ஊதறதில்லை. உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

மர்ரே கோப்பையைக் கீழே வைத்தார். "தெரியும்."

"தெரிஞ்சுமா உக்கார வச்சிருக்கீங்க?"

"பல் செட் வச்சதிலிருந்து அவருக்கு உதடு குழல்ல நிக்கலை, ஊத வரலை. கோட்டைக் கழற்றிக் குடுக்க வந்தார். நான்தான் வாங்கிக்கலை. இதை விட்டா அவருக்கு வெளியே வர வேற காரணம் இல்லை, வெர்னா."

"அதுக்கு? இது பேண்டா, முதியோர் இல்லமா? கேக்க வர்ற ஜனங்களை ஏமாத்தலாமா?"

"மெதுவா பேசுங்க."

"பேச மாட்டேன். கமிட்டிக்கு எழுதி வச்சிருக்கேன், பையில இருக்கு. நாளைக்குக் குடுக்கப் போறேன். ஊதாதவங்களுக்கு நாற்காலி கிடையாதுன்னு ஒரே வரி."

மர்ரே சுற்றுமுற்றும் பார்த்தார். "அந்தக் கடுதாசி வேண்டாம். அந்த ஒரே வரியில நெவில் மட்டும் போக மாட்டார். இன்னொருத்தரும் போவார்."

"ஓ, இன்னொருத்தர் வேறயா? போகட்டுமே. யாரா இருந்தா என்ன? ஊதாதவருக்கு மேடையில என்ன வேலை?"

"வாக்குக் குடுத்திருக்கேன். யாருன்னு சொல்ல முடியாது."

"சொல்லவே வேண்டாம். அந்தக் கடுதாசியே கண்டுபிடிச்சிடும்."

அந்த வழியாகத் தண்ணீர் பாட்டிலோடு வந்தாள் மெலே. வெர்னா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீயே சொல்லும்மா. உனக்கு நெவிலோட நாற்காலி வேணுமா வேண்டாமா? பயப்படாம சொல்லு, நான் இருக்கேன்."

"மெலே, நீ போய்..." என்று மர்ரே ஆரம்பித்தார்.

அதற்குள் அவள் சிரித்துவிட்டாள்.

"ஐயோ, வேண்டாம் அத்தை. எனக்கு நிக்கற இடம்தான் வசதி. கேட்டு வாங்கின இடம் அது. உங்களுக்குத் தெரியாததா? குளிர்காலத்துல மார்ச்சளி வந்து போனதிலிருந்து அவருக்கு மூச்சே இல்லையே, விரல் மட்டும்தானே ஓடுது. நான் பின்னால நின்னு அந்த விரலைப் பார்த்தாத்தானே கோலின் மாமாவோட பாட்டையும் சேர்த்து ஊத முடியும்?"